வட்டை விதானையின் வெள்ளிக் குடல்

மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், வவுணதீவுக்கு மேற்கே, உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் மருதையடி வட்டையில் நூற்றியெண்பது ஏக்கர் வயல் இருக்கிறது. எந்த நாளில் எந்த மடையைத் திறப்பது, எத்தனை மணிக்கு அடைப்பது, யாருடைய வரம்பை யார் அரிந்தார் என்பதையெல்லாம் தீர்த்துவைக்க, வேளாண்மைக்காரர் வருடா வருடம் கூடி ஒருவரைத் தெரிவு செய்வார்கள். அவர்தான் வட்டை விதானை. பதினாறு வருடமாக அந்தக் கூட்டத்தில் அழகரத்தினத்தின் பெயரைத் தவிர வேறொரு பெயர் எழும்பியதில்லை.

அவர் பெரிய காணிக்காரப் போடியாரும் இல்லை, சத்தம் போட்டு ஆளை அடக்குகிறவரும் இல்லை. சொந்தமாக நாலு ஏக்கர், தோளில் ஒரு மண்வெட்டி, அவ்வளவுதான். ஊகத்தில் ஒன்றும் சொல்லமாட்டார் என்பதே அவரிடம் எல்லோருக்கும் பிடித்தது. தண்ணீர் வரவில்லை என்று யாராவது வந்து நின்றால், வாய்க்கால் வழியே எதிரேறி நடப்பார். நண்டு வளையோ, குறுக்கே விழுந்த கட்டையோ, காரணத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் வாய் திறப்பார்.

"அடைப்பு ஓரிடத்திலதான் மனே இருக்கும். அந்த இடத்தைக் காணாம நூறு இடத்தில வெட்டப்படா" என்று இளம் ஆட்களிடம் சொல்வார்.

2004 மார்கழியில் அவருடைய சொந்த வயிறே அடைத்துக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயது. முதல் நாள் வயிறு இறுகியது. இரண்டாம் நாள் பானை மாதிரி ஊதியது. மலமும் இல்லை, காற்றும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் வைத்தியம் தெரியும். ஒருவர் ஆமணக்கெண்ணெய் கொண்டுவந்தார், ஒருவர் ஓமத்தை வறுத்து அவித்துக் கொடுத்தார். குடித்ததெல்லாம் வாயால் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் விடியும்போது இன்னொரு கோப்பையோடு வந்த மைத்துனரைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கீழ அடைச்சிருக்கு. மேலால ஊத்தி ஊத்தி எடுக்கலாமா? வயலில இப்பிடி ஒரு வேலை செய்வனா நான்? உழவு மெசினைக் கட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அப்போது சமாதான காலம். புலிகளின் சோதனைச் சாவடியிலும் இராணுவத்தின் சாவடியிலும் அவர் வயிற்றைப் பார்த்துவிட்டு உழவு மெசினை மறிக்காமல் விட்டார்கள். வலையிறவுப் பாலம் கடந்து மட்டக்களப்பு நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது காலை ஒன்பது மணி. சத்திரசிகிச்சை டொக்டர் ஹமீட் இளவயதுக்காரர். வயிற்றில் இரண்டு விரலை வைத்துத் தட்டினார். மத்தளம் மாதிரிச் சத்தம் வந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பெருங்குடல் முறுகிப்போச்சு, ஐயா. இப்பவே திறக்கவேணும்."

"எவடத்தில முறுகினது? எத்தனை சுத்து?"

டொக்டர் அவரை ஒருமுறை உற்றுப் பார்த்தார். செத்துக்கொண்டிருக்கிற மனிதன் கேட்கிற கேள்வியாக அது அவருக்குப் படவில்லை.

"என்ன வேலை செய்யிறீங்க?"

"வட்டை விதானை."

"அதானே. திறந்து பாத்திட்டுச் சரியாச் சொல்றன், விதானையார்."

சொன்னபடி அடுத்த நாள் கட்டிலடிக்கு வந்து சொன்னார். ஒன்றரைச் சுற்று. ஒரு முழத்துக்கு மேல் கறுத்துப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்தாயிற்று. அந்த நேரத்தில் இரண்டு நுனியையும் சேர்த்துத் தைத்தால் தையல் தாங்காது. அதனால் மேல் நுனியை இடது அடிவயிற்றால் வெளியே எடுத்து விட்டிருக்கிறது. கீழ் நுனியைத் தைத்து மூடி உள்ளேயே விட்டிருக்கிறது. மலம் இனி வயிற்றால் போய்ப் பையில் விழும். உடம்பு தேறியதும் மறுபடி திறந்து இரண்டையும் பொருத்தலாம்.

அழகரத்தினம் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். ஒளிபுகும் பைக்குள், சின்ன ஜம்புப்பழம் அளவில், சிவப்பாக, ஈரமாக ஒன்று இருந்தது. தொட்டால் நோகவில்லை.

"அப்ப இது தற்காலிக வாய்க்கால்."

"ஓம், விதானையார். தற்காலிகம்தான்."

அந்தச் சொல்லை அவர் பிடித்துக்கொண்டார்.

அது புதன்கிழமை செய்த ஒப்பரேசன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்பத்திரி வாட்டில் எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, கடல் வந்துவிட்டது என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். அரை மணித்தியாலத்தில் கட்டில் இல்லை, தரை இல்லை, விறாந்தை இல்லை. மணலும் சேறும் அப்பிய ஆட்களைக் கதவுப் பலகைகளில் தூக்கி வந்தார்கள். அழகரத்தினம் சேலைன் போத்தலைத் தானே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பினார். கால் முறிந்த ஒரு தாயை அவருடைய கட்டிலில் கிடத்தினார்கள். அவர் விறாந்தைச் சுவரோடு குந்தி, மறு கையால் வயிற்றுத் தையலைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் டொக்டர் ஹமீட் வந்தார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"விதானையார், நடப்பீங்களா?"

"நடப்பன்."

"வீட்ட போங்க. மாசி கழிஞ்சு கிளினிக்குக்கு வாங்க."

பை மாற்றிக் காட்டியது வாட்டுத் தாதி எமிலி மிஸ்ஸி. கடற்கரையோர டச்பாரில் இருந்த அவளுடைய வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது என்பதை வேறொருவர் சொல்லித்தான் அழகரத்தினம் அறிந்தார். அவள் ஆறு பையைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

"இது முடிஞ்சா, மிஸ்ஸி?"

"முடிஞ்சா வாங்க ஐயா. இருந்தாத் தருவன். இல்லாட்டி உங்கட வீட்டுக்காரிக்கு மூளை இருக்கு, அவ பாத்துக்குவா."

இருந்தது. சீதேவிப்பிள்ளை, அவருடைய மனைவி, ஊரில் தையல் மெசின் வைத்திருந்தவள். ஆறு பையும் முடிந்த கிழமையே பால்மா ரின் மூடியின் நடுவை வெட்டி வளையமாக்கி, உள் விளிம்புக்கு மெல்லிய சீலை சுற்றி, சைக்கிள் ரியூப்பில் பட்டி அறுத்து, சட்டைக்கு மேலால் தெரியாத ஒரு அரைக்கச்சை தைத்துவிட்டாள். வளையத்தில் சாதாரண பொலித்தீன் பையைக் கொளுவலாம். தோல் பொக்களிக்காமல் இருக்க வளையத்தை நாளுக்கு இரண்டு முறை கழுவிக் காயவைத்தாள். எமிலி மிஸ்ஸி அதைப் பார்த்துவிட்டு இன்னும் மூன்று பேருக்குத் தைத்துத் தரச் சொன்னாள்.

மீதி வேலையை அழகரத்தினம் செய்தார். எதைத் தின்றால் எத்தனை மணித்தியாலத்தில் வெளியே வருகிறது என்று கவனித்தார். மரவள்ளிக் கிழங்கு ஊதவைத்தது, சோறும் கீரையும் ஒழுங்காகப் போயின, இரவில் பலாக்கொட்டை கூடவே கூடாது. நாலு மாதத்தில் வயிறு நேரத்துக்குப் பழகியது. காலை ஐந்து மணிக்கு வெறுந்தேத்தண்ணி, ஐந்தரைக்கு வேலை முடிந்தது, பிறகு மத்தியானம் வரை வரம்பில் நடக்கலாம்.

"விடியக்காலம ஒரு முறைப் பாய்ச்சல். மறுகா அடைப்பு" என்று மைத்துனருக்கு விளக்கினார்.

"அத்தான், வட்டையில கூட நீங்க இவ்வளவு ஒழுங்காத் தண்ணி விட்டதில்ல."

"வட்டையில உன்னைப்போல ஆக்கள் நடுவில மடை வெட்டுறாங்களே."

அந்த வருடக் கூட்டத்திலும் அவர்தான் விதானை. ஆனால் இரண்டு விசயத்தில் அவர் தனக்குத்தானே தடை போட்டுக்கொண்டார். நேரம் தவறும் என்பதால் எந்த வீட்டுப் பந்தியிலும் குந்தவில்லை. வயிற்றில் பையோடு கோயிலுக்குள் போகவும் இல்லை. அவரை யாரும் தடுக்கவில்லை. குடலைப் பொருத்தினதும் மண்டூர் முருகனிடம் வந்து வெள்ளியில் குடல் செய்து வைப்பேன், அதுவரை வாசல் மிதிக்கமாட்டேன் என்று ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்தபடியே நேர்ந்துவிட்டிருந்தார்.

"முருகனுக்கு உங்கட பை தெரியாதா?" என்று சீதேவிப்பிள்ளை கேட்டாள். "அவருக்கு மறைச்சா கச்சை தைச்சனான்?"

"சொன்னது சொன்னதுதான், புள்ள."

கண் சுகமானால் வெள்ளிக் கண், கால் சுகமானால் வெள்ளிக் கால் கொண்டுபோய் வைப்பது அங்கே வழக்கம். நகரத்தில் நகை செய்யும் தம்பிமுத்துப் பத்தரிடம் அதற்கெல்லாம் அச்சு இருந்தது. கண், காது, கை, கால், தொட்டில் பிள்ளை, நாகபாம்பு. குடலுக்கு அச்சு இல்லை.

"நாப்பது வருசமா அடிக்கிறன், ஒருத்தரும் குடல் கேக்கல்லகா" என்றார் பத்தர். "அது எப்பிடி இருக்கும்? ஆட்டுக்குடல் மாதிரிச் செய்யவா?"

"ஆட்டுக்குடல் ஆட்டுக்கு. எனக்கு எனக்குள்ள இருக்கிறது வேணும். படம் கொண்டு வாறன்."

மாசி கழித்துக் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் ஹமீட்டிடம் விசயத்தைச் சொன்னார். டொக்டர் சிரித்தார், ஆனால் பேனையை எடுத்தார். கையுறைப் பெட்டியின் மட்டையைக் கிழித்து அதன் பின்புறத்தில் கவனமாகப் படம் கீறினார். வயிற்றைச் சுற்றி வளைந்து இறங்கும் பெருங்குடல், இடது பக்கம் வெளியே வரும் நுனி, இடைவெளி, கீழே மூடித் தைத்த முனை. அந்த முனையின் இடது மூலையில் வால் மாதிரி ஒரு கோடு.

"இது என்ன, டொக்டர்?"

"நூல். நீல நூல், கரையாது. கீழ் நுனி உள்ளுக்குள்ள சுருங்கி ஒளிஞ்சுக்கும். திரும்பத் திறக்கிற நேரம் தேடிப் பிடிக்க அடையாளமா நீளமா விட்டிருக்கன்."

அழகரத்தினத்துக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. வயலில் மண் மூடிய மதகுக்குப் பக்கத்தில் அவரும் இப்படித்தான் ஒரு தடி நாட்டிவைப்பார்.

பத்தர் மட்டையைப் பார்த்து வெள்ளிக் கம்பியை உருட்டி, தட்டி, வளைத்தார். மூன்று கிழமை எடுத்தது. உள்ளங்கை அளவில் குடல் வந்தது. நூலுக்குத் தலைமயிர் பருமனில் ஒரு கம்பி இழை. வேலை முடிந்ததும் எண்ணெய் பட்டுக் கறுத்த மட்டையை உலை மூட்டப் போட்டுவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோதுதான் பிழை தெரிந்தது. சீதேவிப்பிள்ளை அதைக் கையில் வாங்கவே இல்லை.

"இது முறிஞ்செல்லவா கிடக்கு?"

"இப்ப எனக்கு அப்பிடித்தானே கிடக்கு."

"அட, விளங்காத மனிசா! கண்ணு பொட்டையானவன் பொட்டைக் கண்ணா செய்து வைக்கிறான்? சுகமான கண்ணைத்தானே வைக்கிறான்! சாமிக்கிட்ட முழுசாக் குடுத்தாத்தான் நமக்கு முழுசாக் கிடைக்கும். முறிஞ்சதைக் குடுத்தா அவர் அதையே தாறதா நினைச்சிரமாட்டாரா?"

வழக்கம் அதுதான், அழகரத்தினத்துக்கும் தெரிந்ததுதான். அளவு பிழைக்கக்கூடாது, உள்ளது உள்ளபடி வரவேண்டும் என்ற நினைப்பில் நேர்த்தி எதற்கென்பதையே மறந்துபோயிருந்தார். முறிந்ததைச் சாமியறையில் வைக்க அவள் விடவில்லை. பெட்டகத்திலும் வைக்க விடவில்லை. கடைசியில் ஒரு துணியில் முடிந்து, அரைக்கச்சையின் உள்பக்கத்தில் தைத்த சிறிய பொக்கற்றில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து குடலும் வெள்ளிக் குடலும் ஒரே கச்சையில் இருந்தன.

பொருத்துவதற்கு 2005 ஆவணியில் திகதி கிடைத்தது. சிறுபோக அறுவடை நேரம், மேல் வட்டைக்காரரோடு தண்ணீர்ச் சண்டை வேறு. ஒத்திவைத்தார். மாசியில் இன்னொரு திகதி. களவெட்டியில் நெல்லுச் சூடு அடித்துக்கொண்டிருந்தார்கள், அதையும் ஒத்திவைத்தார். அது அவருடைய பிழைதான், பிறகு அவரே பலரிடம் சொன்னார். பழகிப்போன தற்காலிக வாய்க்கால் அவரை ஏமாற்றிவிட்டது.

மூன்றாவது திகதி 2006 ஆவணியில் வந்தபோது நாடு மாறியிருந்தது. திருகோணமலைப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டது. வவுணதீவு இராணுவச் சாவடியில் ஆட்களை ஒவ்வொருவராக இறக்கித் தடவினார்கள். ஒரு சிப்பாயின் கை அவருடைய சட்டைக்கு மேலால் போய் இடது வயிற்றில் நின்றது. கச்சை, வளையம், பட்டி. சிப்பாய் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். வரிசையில் நின்றவர்கள் நிலத்தில் விழுந்தார்கள்.

அழகரத்தினம் அசையவில்லை. இரண்டு கையையும் மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கினார். அவருக்குத் தெரிந்த சிங்களச் சொற்களில் வயிறு என்பது ஒன்று.

"படே... ஒப்பரேசன், மாத்தயா. படே ஒப்பரேசன்."

தூர நின்று சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். கச்சையை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தார். நேரம் காலை எட்டு. வயிறு வழக்கம்போல அடங்கித்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு நேரம் தெரியாது. எல்லோரும் பார்க்க, அந்தச் சிவப்பு மொட்டு தன் வேலையைத் தொடங்கியது. இளம் சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வயதான ஒருவர், சார்ஜன்ட் போலத் தெரிந்தது, கிட்ட வந்து கச்சையைத் தடியால் புரட்டினார். துணி முடிச்சு விழுந்தது. அவிழ்த்தால் வெள்ளி.

"மே மொகத?" இது என்ன என்று கேட்டார்.

அழகரத்தினம் வெள்ளியைக் காட்டினார், தன் வயிற்றைக் காட்டினார், பிறகு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். சார்ஜன்ட் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய முகம் இளகியது.

"கதரகம?" கதிர்காமத்து முருகனுக்கா என்று கேட்டார்.

"இல்ல மாத்தயா. மண்டூர்."

அவர் அதை மறுபடி துணியில் சுற்றி இரண்டு கையாலும் கொடுத்தார். கழுவிக்கொள்ள ஒரு வாளி தண்ணீரும் கொண்டுவரச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் காயக்காரருக்கே இடமில்லை. அவசரமில்லாத ஒப்பரேசன் எல்லாம் நின்றிருந்தது. டொக்டர் ஹமீட் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார்.

2007 பங்குனியில் எறிகணை ஊருக்குள் விழத் தொடங்கியது. ஒரு பகலுக்குள் எல்லோரும் வாவியைக் கடந்து நகரப் பக்கம் நடந்தார்கள். சீதேவிப்பிள்ளை தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். கிளினிக் கொப்பி, ஒப்பரேசன் விபரம் எழுதின காட், எக்ஸ்ரே படம் எல்லாம் பெட்டகத்தில் இருந்தன. நாலு மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது பெட்டகம் இருந்த இடத்தில் கூரை கிடந்தது. கறையான் மீதியை முடித்திருந்தது.

சண்டையால் முன்னும் பின்னுமாக இரண்டு போகம் விதைக்காத வட்டையை மீட்டெடுக்க ஒரு வருடத்துக்கு மேல் போனது. அதற்கிடையில் மூன்று தடவை கிளினிக்கில் காட்டினார். வருகிற டொக்டர் ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதல் தடவை என்ன செய்தது, கீழ் நுனி எங்கே? கடல் வந்த கிழமையில் எழுதின தாள்களைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. விபரமில்லாமல் திறக்க யோசிக்கிறோம், கொழும்புக்குப் போங்கள் என்றார்கள். மட்டக்களப்பு அடையாள அட்டையோடு ஒரு தமிழன் கொழும்புக்குப் போய் அறை எடுத்துத் தங்குகிற காலமா அது?

"இப்பிடியே இருந்திடுங்களன்" என்றாள் சீதேவிப்பிள்ளை ஒருநாள். "எனக்கு ஒரு கரைச்சலும் இல்ல."

"எனக்கு இருக்கு. தற்காலிகம் எண்டு சொல்லித்தான் அவர் வெட்டினவர். தற்காலிக அணையை அஞ்சு வருசம் விட்டா என்னை விதானை எண்டு சொல்லுவானா ஒருத்தன்?"

2009 சித்திரையில் புதிய சத்திரசிகிச்சை டொக்டர் வந்திருக்கிறார் என்று எமிலி மிஸ்ஸி சொல்லி அனுப்பினாள். டொக்டர் விக்கிரமசூரிய, காலிப் பக்கத்துக்காரர். தமிழை மெதுவாக, தேடித் தேடிப் பேசினார்.

"காட் இல்லையா? ஒண்டும் இல்லையா?"

"ஒண்டும் இல்ல, டொக்டர்" என்றார் அழகரத்தினம். பிறகு தனக்குத்தானே நெற்றியில் தட்டிக்கொண்டார். மூன்று டொக்டர்மாருக்கும் இதைக் காட்டவேண்டும் என்று தோன்றவே இல்லை. சாமிக்கு நேர்ந்ததை யார் டொக்டருக்குக் காட்டுவார்கள்?

கச்சையை அவிழ்த்து, முடிச்சை அவிழ்த்து, மேசையில் வைத்தார்.

டொக்டர் விக்கிரமசூரிய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளியை வெளிச்சத்தில் பிடித்தார். மேல் நுனியைத் தொட்டார், இடைவெளியைத் தொட்டார், கீழே மூடின முனைக்கு வந்தபோது விரல் நின்றது.

"இது? இந்தக் கம்பி?"

"நூல், டொக்டர். நீல நூல், கரையாது. இடது மூலையில. ஹமீட் டொக்டர் தேடிப் பிடிக்க விட்டது. அவர் கீறின படத்தைப் பாத்துத்தான் பத்தர் செய்தவர். அளவு மட்டும் சின்னன், மற்றதெல்லாம் சரி."

டொக்டர் எமிலி மிஸ்ஸியைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மிஸ்ஸி, நான் நிறைய ஒப்பரேசன் நோட் பாத்திருக்கன். வெள்ளியில இப்பத்தான்." பிறகு அழகரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "படமும் எடுப்பம், கீழால கமராவும் விட்டுப் பாப்பம். இதை மட்டும் நம்பி வெட்டமாட்டன். ஆனா எங்க தேடுறது எண்டு இப்ப எனக்குத் தெரியும்."

"அது போதும். மற்றதை நீங்க கண்ணால கண்டு செய்யுங்க. அதுதான் எனக்கும் விருப்பம்."

படமும் கமராவும் வெள்ளியோடு ஒத்துப்போயின. வைகாசி நடுவில் ஒப்பரேசன். நாலு மணித்தியாலம் எடுத்தது. பழைய ஒட்டல்களைப் பிரித்து அடியில் போனபோது, அடிவயிற்றுக் குழிக்குள், இடது மூலையில், சுருங்கி ஒளிந்திருந்த நுனியில் நீல நூலின் வால் தெரிந்ததாம். எமிலி மிஸ்ஸி பிறகு சொன்னாள், தியேட்டரில் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றார்களாம்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. பொருத்தின இடம் பிடித்ததா என்று சொல்லப் படமும் இல்லை, கமராவும் இல்லை. பின்பக்கத்தால் காற்றுப் பிரியவேண்டும். அதுவரை வாயில் தண்ணீர் படக்கூடாது. வாட்டில் காலையும் மாலையும் அதே கேள்வி.

"ஐயா, காத்துப் போனதா?"

"இல்ல மிஸ்ஸி."

முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் நகரத்தில் வெடி கொளுத்துகிற சத்தம் கேட்டது. வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. எதிர்க் கட்டில்காரருடைய மகள் அங்கே புதுக்குடியிருப்பில் கல்யாணம் கட்டிப் போனவள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டு வண்டி வந்து யாரும் தொடாமல் திரும்பிப் போனது. சீதேவிப்பிள்ளை எதிர்க் கட்டிலடிக்குப் போய், அந்த மனிதருடைய கால்மாட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள்.

அழகரத்தினம் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த நாளில் தன் வயிற்றைப் பற்றி நினைப்பதே அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் வயிறு நாளைப் பார்ப்பதில்லை.

நாலாம் நாள் காலை ஐந்தரைக்கு, அவர் நாலரை வருடம் பழக்கின அதே நேரத்துக்கு, அடிவயிற்றில் ஏதோ புரண்டது. மூச்சைப் பிடித்தார். வாய்க்காலின் மேல் தலைப்பில் துருசு மடையைத் திறந்த பிறகு கடைக்கண்டத்துக்குத் தண்ணீர் வருகிற வேகத்தில் அது மெதுவாக, தயங்கி, வளைவில் நின்று, மறுபடி நகர்ந்தது. பிறகு சத்தத்தோடு போனது. நல்ல சத்தம்.

கட்டிலடியில் பாய் போட்டுப் படுத்திருந்த சீதேவிப்பிள்ளை எழும்பிக் குந்தினாள்.

"நீங்களா?"

"நான்தான், புள்ள."

"மிஸ்ஸீ!" என்று அவள் வாட்டு முழுவதும் கேட்கக் கத்தினாள். "போயிட்டு மிஸ்ஸி! எங்கட மனிசனுக்குப் போயிட்டு!"

எதிர்க் கட்டில்காரர் முந்தைய நாள் முழுவதும் சுவரைப் பார்த்தே கிடந்தவர். இப்போது திரும்பிப் பார்த்தார்.

"கேட்டது தங்கச்சி" என்றார். "இந்த வாட்டில கேக்காத ஆளில்ல."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழும்பிக் குந்தி, தனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கித்தரச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து, தம்பிமுத்துப் பத்தர் வெள்ளிக் குடலை உலைக்கு முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உருக்கிப் புதுசா அடிக்கவா? அழகா வரும்."

"வேணாம். இடைவெளியை ஒட்டுங்க. ஒட்டின இடம் தெரியவேணும். டொக்டர் தைச்ச இடம் எனக்குள்ளயும் மேடாத்தான் இருக்கும்."

"வயித்தில போட்ட ஓட்டை?"

"அதை மூடியாச்சு. நூலையும் வெட்டிவிடுங்க. அது இனித் தேவல்ல."

ஆவணித் தீர்த்தத்தன்று குருமண்வெளித் துறையால் படகேறி மண்டூருக்குப் போனார்கள். அவருடைய இடுப்பில் வேட்டி மட்டும்தான். கச்சையைச் சீதேவிப்பிள்ளை கழுவிக் காயவைத்து எமிலி மிஸ்ஸியிடம் கொடுத்திருந்தாள், இன்னொருவருக்கு உதவும் என்று. வாசலில் அழகரத்தினம் ஒரு கணம் நின்றார். பிறகு படியை மிதித்து உள்ளே போனார்.

மண்டூரில் வாய் கட்டித்தான் பூசை. வெள்ளைத் துணியால் வாயை மூடிய கப்புகனார் அவர் நீட்டின தட்டை வாங்கினார். நேர்த்திப் பொருட்கள் வகை வகையாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு பக்கம் கண்கள், ஒரு பக்கம் கையும் காலும், ஒரு பக்கம் நாகபாம்புகள். கப்புகனார் அந்த வளைந்து நெளிந்த வெள்ளியைப் பார்த்தார், ஒரு தலையசைப்போடு பாம்புகளுக்குள் வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினார்.

அழகரத்தினத்தின் வாய் திறந்தது. சீதேவிப்பிள்ளை அவருடைய கையைக் கிள்ளினாள். வாய் கட்டி நிற்கிறவருக்கு முன்னால் எப்படி விளக்கம் சொல்வது? பாம்புக்கு நடுவில் ஒட்டு இருக்குமா, இது பெருங்குடல், ஒன்றரைச் சுற்று முறுகி, ஒரு முழம் வெட்டி, நாலரை வருடம் கழித்துப் பொருத்தினது என்று எப்படிச் சொல்வது?

அவர் வாயை மூடிக்கொண்டார். குனிந்தார். பாம்புகளுக்குள்ளிருந்து தன்னுடையதை இரண்டு விரலால் எடுத்து, கைகளுக்கும் கால்களுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் ஒதுக்கி, ஒட்டு மேலே தெரியும்படி வைத்தார். கப்புகனார் துணிக்கு மேலால் அவரைப் பார்த்தார். அழகரத்தினம் தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டிக் கும்பிட்டார். கப்புகனாரின் கண்கள் அந்த ஒட்டில் ஒரு தடவை நின்றன. பிறகு விபூதியை அள்ளி, அவருடைய நெற்றியில் பூசிவிட்டு, மிச்சத்தை வயிற்றிலும் பூசினார்.

வெளியே அன்னதானப் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சீதேவிப்பிள்ளை பழக்கத்தில் அவருடைய கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"பாக்கத் தேவல்ல" என்றார் அவர், முதல் வரிசையில் குந்திக்கொண்டே. "இனி அது தன்ட பாட்டுக்குப் போகும்."